அப்பளம் காயும் தளத்தில் கோரை

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் ஒரு அம்மாளுக்குத் தோட்டத்தில் கல் பதித்துக் கொடுத்தேன். அப்பளம் காயவைக்கத்தான் அந்தத் தளம். அவருக்கு ஒல்லியான உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு, விரல்களில் எப்போதும் உளுந்து மாவு. தோட்டம் முழுக்கக் கோரைப்புல். அது பிளாஸ்டிக் விரிப்பையே குத்திக்கொண்டு மேலே வரும். அதனால் ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்துவிட்டு, ஜல்லி பரப்பிக் கல் பதிக்கலாம் என்றேன்.

அந்த அம்மாளுக்கு அது போதவில்லை. வெட்டிய குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, மண்கட்டிகளை மாவு பிசைவதுபோல விரலால் நசுக்கிக் கோரைக்கிழங்குகளைப் பொறுக்கிக்கொண்டே இருந்தார். என் வேலை தள்ளிப்போனது. எரிச்சலாகத்தான் இருந்தது.

கடைசியில் ஓரத்தில் ஒரு கல் அளவு இடத்தை மட்டும் பதிக்காமல் மண்ணாகவே விடச் சொன்னார்.

"பிள்ளையாருக்கு அருகம்புல் வேணும்லா, கொத்தனாரே."

அருகு இடுக்கெல்லாம் ஓடிவிடும் என்று அங்கே ஒரு சிமெண்ட் வளையத்தைப் புதைத்தேன். படித்துறைப் பக்கம் போய், அருகை மண்ணோடு பெயர்த்துவந்து அவரே நட்டார்.

மழைக்காலம் முடிந்து அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். தளம் சுத்தமாக இருந்தது. வளையத்துக்குள் மட்டும், அருகுக்கு நடுவே கோரை செழித்து நின்றது. படித்துறை மண்ணில் கிழங்கு இருந்திருக்கிறது.

"பிடுங்கிப் போடட்டுமாம்மா?"

"வேண்டாம். நாந்தான கொண்டாந்தேன்? இருந்துட்டுப் போட்டும்" என்றார், அப்பளத்தைத் திருப்பிப் போட்டபடி.

கோரையைக் கண்டால் என் கை இன்றும் பிடுங்கத்தான் போகிறது. அந்த அம்மாள் ஏன் விட்டுவைத்தார் என்பது மட்டும் பிடிபடவில்லை.