வெள்ளை ரோடு

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேனேஜர் சேகர் சார், மெட்ராஸ்காரர். என்கூட வேலை பார்த்த பிஜு, திருச்சூர்க்காரன். கஸ்டமர் மிஸ்டர் காலின், இங்கிலாந்துக்காரர், ஏதோ பேங்கில் பெரிய உத்தியோகம். எதிர் ஹோட்டலில் பீட்சா போடுகிற பிலிப்பைன்காரர் ரேமன், தன் சைக்கிளுக்கு டியூப் வாங்க வந்தவர். அப்புறம் நான், முருகேசன். "நான் அப்போ கடையிலயே இல்லையே" என்று சேகர் சார் பிறகு சொன்னதால்தான் இதை முதலில் எழுதுகிறேன். இருந்தார். கல்லாப் பக்கம் நின்று சமோசா தின்றுகொண்டிருந்தார்.

1. ஆறு தாள்

இது 2007இல் நடந்தது. நான் எட்டாவது அரைப்பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அருப்புக்கோட்டையில் வாடகை சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிப் பழகி, துபாயில் ரேஸ் சைக்கிள் விற்கிற கடைக்கு மெக்கானிக்காக வந்தேன். ரூம் ஷார்ஜாவில், முவைலாவில். எட்டுப் பேர்.

மிஸ்டர் காலினும் அவர் நண்பர்கள் ஐந்து பேரும் இத்தாலிக்குப் போய் ஆறு நாள் மலை கிராமங்களில் சைக்கிள் ஓட்டப்போகிறார்கள். ஆறு பைக்கையும் தயார் செய்து பெட்டியில் கட்டிக் கொடுக்க வேண்டும். எனக்கு ரெண்டு மாதத்தில் விசா முடிகிறது. சேகர் சார் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

"முருகேசு, இந்த ஆறு வண்டியும் ஒழுங்காப் போய் ஒழுங்கா வரட்டும். உன் விசாவை ரினியூ பண்ண நானாச்சு. ஏதாவது ஆச்சுன்னா நான் ஒண்ணும் பேச முடியாது."

நாளுக்கு ஒரு தாள் என்று ரூட் தாள் ஆறு கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் மேடு பள்ளம் கோடாகப் போட்டிருந்தது. துபாயில் ஓட்டுகிறவர்களுக்கு மேடு என்றால் மேம்பாலம்தான். வாரத்துக்கு ஒருமுறை ஹத்தா போவார்கள், இல்லையென்றால் அல் ஐன் பக்கம் ஹஃபீத் மலை. ஹஃபீத் ஒரே ஏற்றம். ஒரு கியரைப் போட்டு மிதித்தால் மேலே போய்விடலாம். இத்தாலித் தாளில் அப்படி இல்லை. ரெண்டு கிலோமீட்டர் ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ரம்பத்தின் பல் மாதிரி. ஒரே நாளில் இருபது குன்று. இந்த மாதிரி ரோட்டில் காலை முறிப்பது உயரம் இல்லை, ஓயாமல் கியர் மாற்றுவதுதான். அதனால் பின் சக்கரத்தில் இருபத்தேழு பல் வரைக்கும் உள்ள கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, மாட்டினேன். செயின், கேபிள், பிரேக் கட்டை எல்லாம் புதுசு. ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

"அண்ணா, கல்யாணத்துல தாலி முடிச்சையும் மூணு தடவை செக் பண்ணீங்களா?" என்றான் பிஜு.

"பண்ணேன்டா. அதான் இன்னும் நிக்குது."

2. பியாங்கா

மூன்றாவது நாள் தாளில் நாலு இடத்தில் ஒரே வார்த்தை. எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'ஸ்ட்ராடா பியாங்கா'. அர்த்தம் தெரியவில்லை. சேகர் சாரிடம் கொண்டுபோனேன்.

"ரோடு பேரா இருக்கும்ப்பா. ஊருக்கு ஊரு காந்தி ரோடு இல்ல? அது மாதிரி பியாங்கா அம்மா ரோடு."

"ஒரே நாள்ல நாலு பியாங்கா அம்மாவா சார்?"

ரேமன் சிரித்தார். பியாங்கா என்றால் வெள்ளை, தக்காளி போடாத பீட்சாவுக்கு அதுதான் பேர் என்றார். ஸ்ட்ராடா என்றால் ரோடு என்பது மட்டும் ஸ்ட்ரீட் மாதிரி இருந்ததால் எங்கள் எல்லாருக்குமே புரிந்திருந்தது. அப்போ வெள்ளை ரோடு.

"பாத்தியா?" என்றார் சேகர் சார். "தார் ரோடு கறுப்பு. மண் ரோடு செவப்பு. வெள்ளைன்னா சிமெண்ட் ரோடு. வழவழன்னு இருக்கும். நீ எதுக்கு முழிக்கிற?"

"கொஞ்சம் அகலமான டயர் போட்டுக்கலாமா சார்? எதுக்கும் இருக்கட்டும்."

"பன்னெண்டு டயரு. ஸ்டாக்ல மாஃபி, இல்லவே இல்ல. பிளேன்ல வரவழைக்கணும். யாரு குடுப்பா?"

மிஸ்டர் காலின் போனில் பேசிக்கொண்டே என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். நானும் தலையாட்டினேன். சார் மேல் மட்டும் பழி போட மாட்டேன். எங்கள் தெருவில் பஞ்சாயத்து சிமெண்ட் போட்டபோது வெயிலில் கண் கூசுகிற வெள்ளையாக இருந்தது. என் மனசிலும் அந்த ரோடுதான் வந்தது.

மெல்லிய டயரிலேயே கட்டினேன். பிளேனில் ஏற்ற வேண்டும் என்பதால் காற்றை இறக்கினேன். அங்கே போய் எவ்வளவு அடிப்பது என்று அவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாதே என்று, ஆறு பைக்கிலும் ஹேண்டில் கம்பியில் சீட்டு ஒட்டினேன். பெரிய எழுத்தில் 120 PSI. என் கையெழுத்து.

ஜாப் கார்டில் கீழே ரெண்டு கட்டம் இருக்கும், மெக்கானிக்குக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று. என் கட்டத்தில் 'முருகேசன்' என்று தமிழில் போட்டுவிட்டு சேகர் சாரிடம் நீட்டினேன்.

"நீ போட்டா போதும்ப்பா. உன்னை விட யாரு செக் பண்ணிடப் போறா?"

3. வெள்ளிக்கிழமை

அவர்களின் மூன்றாவது நாள் எங்களுக்கு வெள்ளிக்கிழமை, லீவு. மதியம் ரூமில் சோறு தின்றுகொண்டிருந்தோம். பக்கத்துக் கட்டில் செல்லையா அண்ணன் பரமக்குடிக்காரர், ரோடு போடுகிற சைட்டில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர்.

"என்னடா, சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்க?"

"இன்னைக்கு வெள்ளை ரோட்டுல போறாங்கண்ணே."

"வெள்ளை ரோடா? எங்க சைட்டு ரோடு மாதிரியா?"

"சைட்டு ரோடா?"

"தார் போடுறதுக்கு முன்னாடி வெள்ளைக் கல்லுப்பொடி கொட்டி ரோலர் ஓட்டுவோமே. மேல பூராப் பொடிக்கல்லு. பிரேக்கப் போட்டா லாரியே வழுக்கும். அதுல சைக்கிள்ல என்னத்தப் போறது?"

தட்டைத் தள்ளி வைத்தேன். கடையில் இருந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். ரோடு போடுகிறவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார், அவரிடம் கேட்கவில்லை.

கை கழுவாமல் சேகர் சாருக்குப் போன் போட்டேன். "சார், அது கல்லு ரோடு சார். காத்தை நூத்திருபதுல இருந்து எண்பதுக்கு இறக்கச் சொல்லுங்க. அது போதும். இத்தாலில இப்பதான் காலைல பத்து மணி."

"நீ பாத்தியா, கல்லுன்னு?"

"காலின் சார் நம்பரக் குடுங்க, நானே பேசுறேன்."

"என்னன்னு பேசுவ? எங்களுக்கு ரோடு எதுன்னே தெரியாம வண்டி கட்டினோம்னா? இப்போ போன் பண்ணா தப்பு நம்ம மேலன்னு நாமே எழுதிக் குடுத்த மாதிரி. கலாஸ், முடிஞ்சுது. சாப்பிட்டுப் படுப்பா."

நம்பர் ஜாப் கார்டில் இருக்கிறது. கார்டு பூட்டின கடைக்குள் இருக்கிறது.

4. கையெழுத்து

மிஸ்டர் காலின் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கையோடு வந்தார். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே இறக்கம், மாவு கொட்டின மாதிரி ரோடு, வளைவில் முன் சக்கரம் போய்விட்டது என்று எனக்குக் கையால் காட்டினார். தோள் எலும்பு உடைந்திருந்தது. பைக்கின் ஃபிரேம் விரிசல். விழுந்தது அங்கே பதினோரு மணிக்கு; நான் சொன்ன உடனே போன் போயிருந்தால் போதும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. என்மேல் கோபமே படவில்லை. ரோடு அவ்வளவு அழகு என்றுகூடச் சொன்னார். எனக்கு அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

அவர் போனதும் சேகர் சார் கார்டை எடுத்து மேஜையில் போட்டார். "கீழ யாரு கையெழுத்து?"

"என்னுது சார்."

"என்னுது இருக்கா?"

"இல்ல சார். நீங்கதான்..."

"நான் அப்போ கடையிலயே இல்லையே முருகேசு. ஃபிரேம் கடை செலவுல குடுக்கணும். நாலாயிரத்து இருநூறு திர்ஹம். மாசம் முந்நூறு பிடிச்சுக்கறேன்."

நான் பிஜுவைப் பார்த்தேன். பிஜு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கும் விசா இருக்கிறதே.

என் விசா ரினியூ ஆனது. நான் பயந்தது நடக்கவில்லை என்று நிம்மதிப்பட்டேன். பிஜு சொன்னபிறகுதான் விளங்கியது: "அண்ணா, காசு பிடிச்சு முடிக்காம உங்கள அனுப்புவாங்களா?" பதினாலு மாதம் பிடித்தார்கள்.

முழுதும் பிடித்து முடித்த பிறகு மிஸ்டர் காலின் சர்வீஸுக்குப் புது பைக் கொண்டுவந்தார். கடை கொடுத்ததா என்று கேட்டேன். கடை ஒரு பைசா தரவில்லை, இன்சூரன்ஸில் வாங்கினேன் என்றார். என் சம்பளத்தில் பிடித்ததை அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. விசாவை நினைத்து விழுங்கிவிட்டேன்.

சேகர் சாரிடம் மட்டும் கேட்டேன்.

"அவருக்கு இன்சூரன்ஸ் குடுத்தது வேற. உன் தப்புக்கு நீ கட்டினது வேற. ரெண்டையும் ஏன்ப்பா போட்டுக் குழப்பிக்கற?"

மறு வருஷம் வியாபாரம் படுத்து, கடையை மூடினார்கள். எல்லாப் பாக்கியும் வாங்கிக்கொண்டேன் என்று அரபியிலும் இங்கிலீஷிலும் அடித்த தாளை நீட்டினார் சேகர் சார். "போடுப்பா, யல்லா, சீக்கிரம், வெளிய டாக்ஸி நிக்குது."

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ரெண்டுதான். டயர் மாட்டும் முன் அந்த ரோடு எதனால் போட்டது என்று ரோடு போடுகிறவனிடம் கேளுங்கள். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தால் உங்கள் பேரைப் போடாதீர்கள்.

கடை மூடின அன்றைக்கு எனக்குக் கடைசிச் சம்பளமும் ஊர் டிக்கெட்டும் வேண்டியிருந்தது. அதனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆனால் பேருக்கு மேலே தமிழில் ஒரு வரி எழுதிவிட்டுப் போட்டேன். ஆபீஸில் அதைப் படிக்கத் தெரிந்தவர் சேகர் சார் ஒருவர்தான். படித்தார். தாளை மடித்து ஃபைலில் வைத்தார். 

அந்த வரி இது: சைக்கிளுக்காகப் பிடித்த 4,200 திர்ஹம் எனக்கு இன்னும் வரவில்லை.