ஆஸ்மா நடத்திய பேர வகுப்பு

கணக்குப் பரீட்சையில் இரண்டு முறை கவிழ்ந்த என் தங்கை ஆஸ்மா, கரடியூர் பள்ளிக்கூடத்தில் தன்னார்வலராகச் சொல்லிக்கொடுக்கப் போவதாக அறிவித்தபோது, அந்தப் பிள்ளைகளை நினைத்து எனக்குக் கவலையாக இருந்தது.

"உனக்கே ஒண்ணும் தெரியாது. அங்க போயி என்னடி கிழிக்கப் போற?"

"தெரியாத புள்ளைங்ககூடத்தானக்கா உக்காரப் போறேன். ஜோடி நல்லா அமையும்."

ஏற்காடு ஏரிப் பக்கம் எங்களுக்கு மிளகு, கிராம்பு, காப்பித்தூள் விற்கும் கடை. பாட்டில்களைத் துடைத்து, பெயர் முன்பக்கம் தெரிய அடுக்குவது என் வேலை. வந்தவர்களிடம் வாயடித்து, வாங்க நினைக்காததையும் வாங்கவைப்பது அவள் வேலை. அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். வகுப்பிலும் அதையே நடத்தினாள்.

புதன்கிழமை சாயங்காலம் வரும் பெண்பிள்ளைகள் வாய் திறக்கவே கூசுவார்கள். ஆஸ்மா புத்தகத்தை மூடிவிட்டு, ஒருத்தியைப் பூசணிக்காய் விற்கச் சொல்வாள், இன்னொருத்தியை வாங்கச் சொல்வாள். "சொன்ன வெலைக்கே ஒத்துக்கிட்டா எப்படி சாமி? எந்திரிச்சுப் போற மாதிரி போ!" என்று அவள் கத்துவது பஸ் நிறுத்தம்வரை கேட்கும். தலைமையாசிரியை அற்புதம் ஒருநாள் எட்டிப் பார்த்து, இது பள்ளிக்கூடமா சந்தையா என்று கேட்டார்.

"சந்தையில யாரும் தூங்கறதில்லைங்க டீச்சர்."

எட்டாவது படிக்கும் கீர்த்திகா மட்டும் கடைசிவரை எதையும் விற்கவில்லை. தலையைக் குனிந்தே இருப்பாள். "இவகிட்ட கடையக் குடுத்தா நாம பட்டினிதான்க்கா" என்பாள் ஆஸ்மா.

தை பிறந்ததும் மிளகு பறிக்கக் குடகுக்குப் போகும் குடும்பங்கள், சமைக்கவும் சின்னதைப் பார்த்துக்கொள்ளவும் மூத்த பெண்ணையும் கூட்டிப்போய்விடும். அப்படிப் போன பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவது அரிது. கீர்த்திகாவையும் ஒன்றாவது படிக்கும் அவள் தம்பியையும் கூட்டிப்போக அவர்களுடைய அம்மா புவனேஸ்வரி வகுப்புக்கே வந்தபோது நானும் அங்கே இருந்தேன். புவனேஸ்வரி பல வருடமாக எங்கள் கடைக்கு மிளகு போடுகிறவர்.

படிப்பு, எதிர்காலம் என்று ஆஸ்மா மூச்சுவிடாமல் பேசினாள்.

புவனேஸ்வரி பொறுமையாகக் கேட்டார். "நொம்ப நல்லாப் பேசறீங்க கண்ணு. குடகுக்கு நீங்க வந்து சோறாக்கிப் போடறீங்களா?"

ஆஸ்மாவின் வாய் அடைத்துப்போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்த அதிசயத்தை நான் ரசித்து முடிப்பதற்குள் கீர்த்திகா நிமிர்ந்தாள்.

"அம்மா, நான் காலேஜ் வரைக்கும் படிக்கறேன்."

"காலேஜா? இன்னிக்கே போதும்ங்கறேன்!"

"சரி, பன்னெண்டாவது."

"ஆசையப் பாரு. எட்டாவது முடி, போதும்."

கீர்த்திகா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள். ஆஸ்மா என் கையைக் கிள்ளினாள்.

"ஏய், நில்லு! பத்தாவது. அதுக்கு மேல பேச்சில்ல."

"பத்தாவது. நீங்க திரும்பி வர்ற வரைக்கும் நானும் தம்பியும் ஆஸ்மாக்கா ஊட்ல இருந்துக்கறோம்."

இது எங்களுக்கே புதுச் செய்தி. ஆஸ்மா என்னைப் பார்த்தாள். அவள் சொல்லிக்கொடுத்த பெண், அவளையே தராசில் வைத்துப் பேரம் பேசிவிட்டாள்.

புவனேஸ்வரி மகளை யாரோ போலப் பார்த்தார். "ஏனுங்க, இவ இத்தன பேசுவாளா?" பிறகு என்னிடம், "பையன் நொம்பப் படுத்துவான். ஊட்டுன சோத்தத் துப்புவான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

"துப்பட்டுமுங்க. தொடச்சுக்கலாம்" என்றேன். துடைப்பதில் என்னை மிஞ்ச இந்த மலையில் ஆள் இல்லை.

பையன் துப்பவே செய்கிறான். கீர்த்திகா பரீட்சைக்குப் படிக்கிறாள். பத்தாவதோடு நிறுத்திவிடுவாயா என்று நேற்று கேட்டேன்.

"அதுக்கு இன்னும் ரெண்டு வருசம் கெடக்குதுங்க அக்கா" என்றாள். "அம்மாகிட்டப் பேசிக்கலாம்."