பெரிய சார் குரலில் கேட்ட பத்தடி

ஃப்ளேம் அரெஸ்டர் வியாபாரத்தில் பாதி நாள் போனில் கேள்வி கேட்டே கழிந்துவிடும். வாடிக்கையாளரிடம் விவரம் கறக்கப் படாத பாடு படும் என் இனத்தாரே, இன்று உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கிறேன். அதற்கு முன் சாமானைச் சொல்லிவிடுகிறேன். டாங்கியிலிருந்து கிளம்பும் ஆவியைக் குழாயில் கொண்டுபோய் பர்னரில் எரிப்பார்கள். அந்த நெருப்பு குழாய்க்குள்ளேயே திரும்பி ஓடிவந்தால், டாங்கிக்குள் நுழையாமல் மறிப்பதுதான் எங்கள் அரெஸ்டர்.

என்ன கேஸ்?

முதல் கேள்வியே இதுதான். கேஸுக்குக் கேஸ் அரெஸ்டர் மாறும். தண்டையார்பேட்டைப் பட்டறைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"மோந்தா தல கிர்ருனு சுத்தும் பாரு, அந்த கேஸு!"

(நான் சொன்ன சிரிப்பு இதில்லை. பொறுங்கள்.)

ஏணி

எண்ணூரில் பெயிண்டில் கலக்கும் தின்னருக்கு ஒரு கிடங்கு. டாங்கிகளைப் பார்த்துக்கொள்பவர் மஸ்தான் பாய். பழைய அரெஸ்டர் துருப்பிடித்துக் கழற்றியாகிவிட்டது. அவர் நாற்காலியோ டாங்கிக்கு அடியில். "சீக்கிரம் குடு நைனா, உக்காரவே பேஜாரா கீது" என்பார். குழாயின் அளவு, அழுத்தம், சூடு எல்லாம் பட்பட்டென்று சொன்னார். கடைசிக் கேள்வி: டாங்கி வாயில் மாட்டும் அரெஸ்டரிலிருந்து பர்னர் வரை குழாய் எவ்வளவு நீளம்? நெருப்பு குழாய்க்குள் ஓட ஓட வேகம் பிடிக்கும். தூரம் அதிகமென்றால் வேறு வகை அரெஸ்டர், இன்னும் முரட்டுச் சாமான் வேண்டும்.

"அது தெரிலப்பா. கூரை மேல பூந்து போவுது. ஏணி போட்டு அளந்தாத்தான் சொல்ல முடியும்."

கனைப்பு

ஏணி வரும்வரை காத்திருக்க என் பதினெட்டு வயதுக்குப் பொறுமை ஏது? எங்கள் மேனேஜர் மூன்று கனைப்புக்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். எனக்கு அவர் குரல் அச்சு அசலாக வரும். அவர் வெளியே போன நேரம், ஆபீஸ் போனிலேயே பாய்க்கு அடித்தேன். கனைத்தேன். கணக்கு எழுதும் கமலா அக்கா துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு மேஜையில் கவிழ்ந்துவிட்டார். "என்னய்யா மஸ்தான், ஒரு குழாய் நீளம் சொல்ல இத்தனை நாளா? பத்தடி இருக்குமா?"

"கரெக்ட் சார்! பத்தடிதான் சார்!"

சிரித்தாயிற்றா? நாங்களும் அன்று முழுக்கச் சிரித்தோம்.

கூரைக்கு மேலே

அரெஸ்டர் தயாரானதும் டெம்போவில் நானே கொண்டுபோனேன். மாட்டுவதற்காக ஒரே ஒரு நாள் வேலையை நிறுத்தக் கிடங்கு முதலாளி சம்மதித்திருந்தார். பாய் எனக்குக் குளிர்ந்த மோர் வாங்கி வைத்திருந்தார். குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். குழாய் கூரையேறி, கிடங்கு முழுவதையும் தாண்டி, வளைந்து, பின்சுவர்ப் பர்னருக்குப் போய்க்கொண்டே இருந்தது. மோரைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். "மாட்டாதே, இது அவ்வளவு நீளத்துக்குத் தாங்காது" என்றார். வேறு வகை செய்து வர நாளாகும். அதுவரை பொறுக்காமல், அரெஸ்டர் இல்லாமலே சாயங்காலம் பர்னரைப் பற்றவைக்கச் சொல்லிவிட்டார் முதலாளி. பாய் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசல் கேட் ஓரம் போட்டார்.

"அளக்காமலே ஏன் பாய் பத்தடின்னு சொன்னீங்க?"

"நீ கேட்டப்ப தெரிலன்னுதானே சொன்னேன் நைனா? பெரிய சாரு கோவமா கேக்கறாரு, பத்தடியான்னு அவரே சொல்றாரு. இல்லேன்னு எப்படிப்பா சொல்றது?"

ஊரையே ஏமாற்றும் தொண்டை என்று அலட்டிக்கொண்டவனை ஏமாற்ற, ஒரு 'கரெக்ட் சார்' போதுமாயிருந்தது.