படத்துக்கு நாலாவது ஆள்

பூமணி அத்தையை விட்டுவிட்டு இராமலிங்கம் குடும்பம் ஒரு தடவைகூட மீமாலேண்டு நீர்ப்பூங்காவுக்குப் போனதில்லை. இதை மகள் லீலா ஊரெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்வாள். அப்பாவுடன் பிறந்த ஒரே தங்கை, கல்யாணமாகாதவள், கிள்ளானில் ஒற்றை அறையில் தனியாக இருப்பவள். அவளை நாங்கள் எப்படி வைத்துக்கொண்டோம் பாருங்கள் என்று பள்ளித் தோழிகளிடம் சொன்னாள், வேலைக்குச் சேர்ந்த வங்கியில் சொன்னாள், கட்டிக்கொண்ட வாசுவிடமும் சொன்னாள். யாராவது நம்பாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் ஆல்பத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிடுவாள்.

ஆல்பம் பொய் சொல்லுமா? பக்கத்துக்குப் பக்கம் அத்தை சிரித்துக்கொண்டு நின்றாள். படகுத்துறையில் ஒன்று, சிமெண்டு டைனோசரின் வாலடியில் ஒன்று, பெரிய சறுக்குமரத்தின் கீழே ஒன்று. எதிலும் முகம் வாடியதில்லை.

பூமணி, டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பால்மரம் சீவத் தெரிந்த வயது. அண்ணன் இராமலிங்கம் ரயில்வே வேலை கிடைத்துப் பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸுக்கு வந்து, வள்ளியம்மாவைக் கட்டிக்கொண்டு, புஷ்பலீலா, ராதாகிருஷ்ணன் என்று இரண்டு பிள்ளைகளையும் பெற்றுவிட்டார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பது மட்டும் வருஷா வருஷம் தள்ளிப்போனது. போகப் போக, தள்ளிப்போடுவதற்குக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அவளும் வாய்திறந்து கேட்கிற ரகம் இல்லை. கிள்ளானில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் டின்னில் அடுக்கும் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உடைந்த பிஸ்கட்டை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருவாள். பிள்ளைகளுக்கு அத்தை என்றாலே அந்த வாசனைதான்.

பள்ளி விடுமுறை விட்டால் கொம்பாக் மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பூங்காவுக்குப் போவது வீட்டு வழக்கம். அத்தை முதல் நாளே பஸ் பிடித்து வந்துவிடுவாள். மறுநாள் விடியுமுன் எழுந்து புளிச்சோறு கிளறி, நெத்திலிச் சம்பால் வதக்கி, வாழையிலையில் பொட்டலம் கட்டுவாள். அங்கே போய்ச் சேர்ந்ததும் மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்துகொள்வாள். சோற்றுப்பை, துணிப்பை, அண்ணனின் கைக்கடிகாரம், அண்ணியின் வளையல், எல்லாருடைய செருப்பும் அவளைச் சுற்றி வந்து சேரும். கொம்பாக் குரங்குகளுக்கு வெட்கம் கிடையாது. கண் அசந்தால் பையோடு போய்விடும். அத்தை குடையை ஓங்கிக்கொண்டு ஒரு கிழட்டுக் குரங்கோடு மல்லுக்கு நின்ற கதையைத் தீபாவளிக்குத் தீபாவளி சொல்லிச் சிரிப்பார்கள். அத்தையும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

அப்பாவிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. அதை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார். அவர் படம் பிடித்தால் நிற்பது அம்மா, லீலா, தம்பி, ஆக மூன்று பேர். அங்கேதான் சிக்கல். மூன்று பேராகப் படம் எடுத்தால் நடுவில் நிற்பவருக்கு ஆயுசு கம்மி என்பது வள்ளியம்மாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அவளுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்படி நடந்ததாம். எந்தக் குடும்பம் என்று கேட்டால் கோபம் வரும். நடுவில் நிற்பது எப்போதும் தம்பி. ஒற்றை ஆண்பிள்ளை. விடுவாளா?

"பூமணி! ஓடியா! மூணு பேரா நிக்கக் கூடாது!"

அத்தை ஓடிவருவாள். கையிலிருப்பதைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, வலது ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டு சிரிப்பாள். கேமரா சொடுக்கியதும், குரங்கு வருமுன், திரும்பவும் பாய்க்கு ஓடிவிடுவாள்.

வருஷங்கள் ஓடின. அம்மா போனாள், பிறகு அப்பாவும் போனார். தம்பி ஜொகூரில் வேலை தேடிக்கொண்டான். மீமாலேண்டையும் மூடிவிட்டார்கள். தொண்ணூற்றாறில், பெட்டாலிங் ஜெயாவில் லீலாவின் வீட்டில் அப்பாவின் திவசம் நடந்தது. வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் சாய்ந்திருந்தபோது லீலா வழக்கம்போல ஆல்பத்தைப் பிரித்தாள். அவள் மகள் தர்ஷினிக்கு எட்டு வயது. கேள்வி கேட்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"அத்தைப்பாட்டி, இந்த ஸ்லைட்ல போனப்ப பயமா இருந்துச்சா?"

"தெரியலையே கண்ணு. நான் போனதில்லயே."

"படகுல?"

"இல்லம்மா."

"அப்ப இந்தப் பெரிய நீச்சல் குளத்துல?"

"ம்ஹூம்."

"அப்ப அங்க போயி என்னதான் செஞ்சீங்க?"

"செருப்பு பாத்துக்கிட்டேன்" என்றாள் பூமணி அத்தை. தொழிற்சாலையில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் பதில் சொல்வாளே, அதே குரலில் சொன்னாள்.

எல்லாரும் சிரித்தார்கள். லீலாவும் சிரித்தாள். "அத்தை சும்மா சொல்றாங்க லா" என்று பக்கத்தைத் திருப்பினாள்.

வந்தவர்கள் கிளம்பிய பிறகு அந்தச் சிரிப்பு லீலாவின் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆல்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். படகுத்துறைப் படத்தில் அம்மாவின் கூந்தல் நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. தம்பியின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. லீலா நனைந்த கோழியாக நின்றாள். அத்தையின் தலை மட்டும் எண்ணெய் வைத்துப் படிய வாரியபடி, ஒரு முடி கலையாமல் இருந்தது. வைத்திருந்த மல்லிகைகூட வாடவில்லை. அடுத்த படத்திலும் அப்படியே. அதற்கடுத்த படத்திலும் அப்படியே. சறுக்குமரத்துப் படத்தில் அத்தையின் கையில் ஏதோ இருந்தது. கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். செருப்பு. அவசரத்தில் கீழே வைக்க மறந்திருக்கிறாள். சிவப்பு வார் வைத்த ஜோடி லீலாவுடையது.

இந்தப் படங்களைக் காட்டித்தான் இத்தனை காலம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். லீலா கூனிக் குறுகிப்போனாள். பழியைத் தூக்கி அம்மாமேல் போட்டுப் பார்த்தாள். அது அங்கே தங்கவில்லை. படத்துக்கு ஆள் சேர்த்தது அம்மா, சரி. செருப்பை உதறி அத்தையின் மடியில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது யார்? அம்மாவா?

அடுத்த ஞாயிறே கிள்ளானுக்குப் போனாள். அத்தை முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது முட்டி தேய்ந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் படி ஏறுவதே பெரும்பாடாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அத்தை, உங்களுக்கும் அந்தத் தண்ணியில எறங்கணும்னு ஆசை இருந்திச்சா?"

அத்தை தைலக் குப்பியை நிதானமாக மூடினாள். "இருந்திச்சுதான். எல்லாரும் எறங்கிட்டா சாமான யாரும்மா பாக்கறது? விடு லா, பழைய கதை."

"சுங்கைவேயில புதுசா ஒரு தண்ணிப் பூங்கா கட்டியிருக்காங்க. கடல் மாதிரி அலை வருமாம். இந்த லீவுல உங்கள எறக்காம விட மாட்டேன்."

"சேலையோடயா?"

"சேலையோடல்லாம் விட மாட்டாங்க. நான் வாங்கியாந்திருக்கேன்." இரவுச் சந்தையில் வாங்கிய நீல நிறச் சிலுவாரையும் தொளதொளவென்ற டீ சட்டையையும் பையிலிருந்து எடுத்தாள். அத்தை அந்தக் காற்சட்டையை உடம்போடு வைத்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இந்த வயசுல நான் சிலுவார் போட்டா ஊரு சிரிக்காது?" என்றாள். ஆனால் அதை மடித்துத் தலையணைக்கடியில் வைத்ததை லீலா பார்த்தாள்.

ஈயம் தோண்டிய பழைய லம்பத்துப் பள்ளத்தில் கட்டிய பூங்கா அது. டிசம்பர் விடுமுறை, கூட்டம் அம்மியது. லீலா டிக்கெட் வாங்கித் திரும்புவதற்குள் அத்தை ஒரு கொட்டகை நிழலைக் கண்டுபிடித்துப் பாயை விரித்துவிட்டாள். பாயை எப்போது கொண்டுவந்தாள் என்றே தெரியவில்லை. முதலில் அத்தையைத் தண்ணீரில் இறக்குவது, மற்றதெல்லாம் பிறகு என்றுதான் லீலா நினைத்திருந்தாள். ஆனால் தர்ஷினியின் தம்பி, சின்னவன், சறுக்கைப் பார்த்துத் துள்ளிக் குதித்து அழ ஆரம்பித்தான்.

"ஒரே ரவுண்டு அத்தை. இவன கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன். அப்பறம் நீங்களும் நானும்."

"போயிட்டு வாம்மா. நான் எங்க ஓடிடப் போறேன்?"

ஒரு ரவுண்டு இரண்டாயிற்று. தர்ஷினி தனக்கும் வேண்டும் என்றாள். வரிசை நீண்டது. பசித்தபோது ஓடிவந்து புளிச்சோற்றை அள்ளித் தின்றார்கள். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி அத்தையின் மடியருகே எறிந்துவிட்டு மறுபடி ஓடினார்கள். அவர்களைத் துரத்திக்கொண்டு லீலாவும் ஓடினாள். உண்மையைச் சொல்லத்தான் வேண்டும்: அவளுக்கு மறந்தே போயிற்று. முப்பது வயசுக்கு மேல் சறுக்கில் கத்திக்கொண்டே விழுவதில் அப்படி ஒரு சுகம் இருந்தது.

ஞாபகம் வந்தபோது வானம் கறுத்திருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பின்னேர மழைக்கு யாரும் சொல்லியனுப்ப வேண்டியதில்லை. இடி இறங்கியது, விசில் ஊதினார்கள், எல்லாரையும் தண்ணீரிலிருந்து ஏற்றிவிட்டார்கள். மழை அடித்து ஓய்ந்த பிறகும் இடி உறுமிக்கொண்டே இருந்ததால் இன்று இனிமேல் யாரும் இறங்க வேண்டாம் என்றார்கள். லீலா கொட்டகைக்கு ஓடினாள்.

"அத்தை..."

"இடி இடிக்கறப்ப நீங்க தண்ணியில இருந்தீங்களே, எனக்கு உயிரே இல்ல" என்று அத்தை துண்டை எடுத்துச் சின்னவனின் தலையைத் துவட்டினாள். திட்டியிருந்தாலாவது தேவலை.

வாசலுக்கு வந்தபோது வாசு கேமராவை எடுத்தான். "கடைசி ரெண்டு பிலிம் இருக்கு. இங்க நில்லுங்க."

லீலா நடுவில் நின்றாள். இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் மகன். அப்போது அவள் வாய் தானாகத் திறந்தது.

"அத்தை! ஓடியாங்க! மூணு பேரா நிக்கக் கூடாது!"

அம்மாவின் குரல். அச்சு அசல் அம்மாவின் குரல்தான். அதற்குள் அத்தை முட்டியைச் சாய்த்துச் சாய்த்து ஓடிவந்துவிட்டாள். பையைக் கீழே வைத்தாள், முந்தானையைச் செருகினாள், வலது ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டு சிரித்தாள். வாசு சொடுக்கினான்.

ஈரத் தரையில் படாமல் இருக்கச் சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகியிருந்தாள் அத்தை. கீழே நீலச் சிலுவார் தெரிந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"காலையிலேர்ந்து போட்டிருக்கீங்களா?"

"கிள்ளான்லயே போட்டுக்கிட்டேன். நீ வந்து கூப்பிடறப்ப என்னால நேரமாகக் கூடாதுன்னு..." அத்தை சேலையை இறக்கிவிட்டாள், ஏதோ தப்புச் செய்து அகப்பட்டுக்கொண்டவள் மாதிரி.

தப்புச் செய்தவள் பக்கத்தில்தான் நின்றாள். லீலா வாசுவிடம் திரும்பினாள். "என்னங்க, அத்தைய மட்டும் தனியா ஒண்ணு எடுங்க" என்றாள்.

"ஐயோ, ஒத்த ஆள எதுக்கு? பிலிம் வீணாப் போவும்" என்று அத்தை மறுத்தாள். லீலா பையைப் பிடுங்கிக்கொண்டாள். பை போனதும் அத்தைக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்னால் கோத்தாள், பின்னால் கட்டினாள், கடைசியில் தொங்கவிட்டாள். "கொஞ்சம் நடுவுல வாங்க அத்தை" என்றான் வாசு. அவள் அரை அடி நகர்ந்தாள். பின்னால் இருந்த வாசல் வளைவு முழுசும் விழட்டும் என்று அவன் எட்டப்போய் எடுத்தான்.

படம் கழுவி வந்ததும் லீலா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டாள். கடைக்காரர் சட்டத்தை நீட்டியபோதுதான் சரியாகப் பார்த்தாள். வேண்டாம் என்று திருப்பிக்கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தாள். பிறகு கிள்ளானுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

அத்தை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நடுவில் பெரிய வாசல். வலது ஓரத்தில், சட்டத்தை உரசிக்கொண்டு, காய்ந்த தலையோடு அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற இடமெல்லாம் சும்மா கிடந்தது.

"நல்லாத்தான் விழுந்திருக்கு. நீங்கல்லாம் எங்கம்மா?"

"நாங்க இல்ல அத்தை. இது உங்க படம். நீங்க மட்டும்."

அத்தை தலையாட்டினாள். ஆனால் அவள் விரல் கண்ணாடியின்மேல் அந்தக் காலி இடத்தைத் தொட்டுக்கொண்டே போனது.

"இங்க அண்ணி நிப்பாங்க. நடுவுல தம்பி. இங்க நீ" என்றாள். "எடம் விட்டுத்தான நின்னேன்."