வேண்டாமென்று திருப்பி வைத்த வசனம்

நான்கு வருடங்களுக்கு முன், வானகரத்தில் வாடகைக்கு இருந்தபோது நடந்தது. பொங்கலுக்குள் காலி செய்யும்படி வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அது எங்களுக்கு ஐந்தாவது வாடகை வீடு. மூட்டை கட்டிக் கட்டியே வெறுத்துப் போயிருந்தேன்.

நாங்கள் போவது தகரக் கூரை போட்ட ஒரு சின்ன சர்ச். புத்தாண்டுக் காலை ஆராதனையில், வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்குத் தரும் வாக்கு. எனக்குச் சொந்த வீடு பற்றித்தான் வர வேண்டும் என்று ஒரு வாரமாக ஜெபம். கிட்டத்தட்ட ஆர்டரே கொடுத்திருந்தேன்.

எடுத்துப் பார்த்தால், வனாந்தரத்தில் நாற்பது வருடம் உன்னை நடத்தி வந்த வழியையெல்லாம் நினைத்துப் பார் என்று இருந்தது. எகிப்திலிருந்து கிளம்பி வீடுவாசல் இல்லாமல் அலைந்த இஸ்ரவேல் ஜனங்களுக்குச் சொன்னது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வீடாக அலைகிறவள் அதை நினைத்து வேறு பார்க்க வேண்டுமா? அட்டையைச் சட்டென்று தட்டிலேயே கவிழ்த்துவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் நின்ற அக்கா அதையே எடுத்தார். அம்பத்தூரில் தையல் கம்பெனிக்குப் போகிறவர். மூன்று வருடமாக ஒரே பாயில் உட்கார்ந்தும், வணக்கத்துக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்வதைத் தவிர நாங்கள் பேசிக்கொண்டதில்லை. வசனத்தைப் படித்ததும் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைக்குச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று பாஸ்டரிடம் மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"நாங்கள்லாம் டவுன்ல கால்வா ஓரம் இருந்தவங்கோ. ஊட்ட இடிச்சி, லாரில ஏத்தினு வந்து இந்தப் பொட்டல்ல எறக்கி வுட்டுட்டாங்க. அப்போ நான் கைப்புள்ளக்காரி. மழை வேற. இடிச்ச ஊட்டுத் தகரத்த ஆளுக்கொண்ணு எடுத்தாந்திருந்தோம். அத வெச்சி எல்லாருக்கும் சேத்து ஒரே கூரை போட்டோம். அத்தினி குடும்பமும் அதுலதான் படுத்துகினு கெடந்தோம். அப்பால அவங்கவங்க குடிசை போட்டுகினாங்க. இத மட்டும் பிரிக்கல, கர்த்தருக்குன்னு வுட்டுட்டோம்."

கையை மேலே காட்டினார். "அந்த லாரில வந்தவங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்கோ."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். வாசலில் செருப்புகளை ஒழுங்காக வைக்கும் பெரியவர், ஆட்டோ ஓட்டும் அண்ணன், வாரா வாரம் எனக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அம்மா. பாதி சபை நின்றது.

நான் மேலே பார்த்தேன். வெயிலில் காந்துகிறது என்று நான் எப்போதும் சலித்துக்கொள்ளும் கூரை. ஒவ்வொரு தகரமும் ஒரு நிறம். அன்றுதான் கவனித்தேன். அத்தனையும் இடிந்த வீடுகள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பைபிளில் மட்டும் இருக்கிறது என்று நான் நினைத்த வனாந்தரத்தைக் கடந்து வந்தவர்கள் என் பாயிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆராதனை முடிந்ததும் அந்த அக்காவிடம் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? நீ மாத்தினத நான் பாத்துகினுதாம்மா இருந்தேன்" என்று சிரித்தார். "ஊடு காலி பண்றியாமே? என்னிக்குன்னு சொல்லு, வர்றோம்."

சொன்னபடி ஆறேழு பேர் வந்து, என் பீரோவையும் கட்டிலையும் வண்டியில் ஏற்றிக் கொடுத்தார்கள்.

இப்போதும் வாடகை வீடுதான். அன்று மாற்றி எடுத்த அட்டையில் என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வேண்டாமென்று திருப்பி வைத்த வசனம்தான் எனக்கு மனப்பாடமாகி இருக்கிறது.