படத்துக்காக ஒரு பரிசோதனை

நான் திண்டுக்கல்லில் பத்திரிகை நிருபராக இருந்தபோது, கிறிஸ்தவப் பங்குக் கோயில் மண்டபத்தில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் நடந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். படச்சுருளை மதுரை அலுவலகத்துக்குப் பதினோரு மணி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்ப வேண்டும். இருபது நிமிடமே இருந்தது. டாக்டர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். மிஷின் முன்னால் நாற்காலி காலி.

வரிசையில் முதலில் நின்றவள் என் அக்கா. பள்ளி ஆசிரியை, வயது ஐம்பத்திரண்டு. நான்தான் பெர்மிஷன் போட்டு வரச் சொல்லியிருந்தேன். அவளை உட்காரவைத்து, பாதத்தை மிஷினுக்குள் வைக்கச் சொன்னேன். நர்ஸ் அளவு பார்ப்பதுபோல் குனிந்தார். படம் எடுத்தாயிற்று. மிஷின் ஓடவே இல்லை.

"ஏலே, அம்புட்டுத்தானா? வலிக்கவே இல்ல."

"அம்புட்டுத்தான்க்கா. வா, ஸ்கூல்ல விட்டுட்டுப் போறேன்."

"என்ன சொன்னாக?"

"நல்லாத்தான் இருக்காம்."

சாயங்காலத்துக்குள் திரும்ப அழைத்து வந்துவிடலாம் என்று நினைத்தேன். வேறு வேலை வந்தது. மறுநாள் படம் வெளியாகி, அவள் ஆசிரியர் அறையில் எல்லோரிடமும் காட்டிவிட்டாள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

மாதவிடாய் சீக்கிரம் நின்றவர்களும், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்களும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் பிழையில்லாமல் எழுதியிருந்தேன். அக்காவுக்கு நாற்பத்து மூன்றில் நின்றுவிட்டது. முந்தைய ஆண்டுதான் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டு முறிந்திருந்தது. இரண்டும் எனக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு இன்னொரு முகாமுக்கு உடன் வேலைபார்த்தவர்கள் கூப்பிட்டபோது, "எனக்குப் பாத்தாச்சு, இரும்பு எலும்பு" என்று சொல்லிப் போகாமல் இருந்துவிட்டாள்.

நான்காம் ஆண்டு வகுப்பறைப் படியில் தடுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, முன்பு பரிசோதித்ததுண்டா என்று கேட்டார்.

"பாத்தேன் சார். நல்லா இருந்துச்சு. இவன்தான் கூட்டிட்டுப் போனான்."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். நான்கு வருடத்தில் எலும்பின் அடர்த்தி இவ்வளவு இறங்கியிருந்தால் வேறு ஏதாவது பெரிய நோயாக இருக்கலாம், எலும்பு மஜ்ஜை வரை பார்க்க வேண்டும் என்றார். அக்காவின் முகம் வெளிறியது.

அப்போதுதான் சொன்னேன். "அன்னைக்கு டெஸ்ட் எடுக்கல சார். போட்டோ மட்டும்தான்."

அக்கா என்னைப் பார்த்தாள். டாக்டர் கேஸ் ஷீட்டில் மஜ்ஜைப் பரிசோதனை என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டு வெளியே போனார்.

"ஒம் பொண்டாட்டிக்காச்சும் பாத்தியா?"

"இல்லக்கா."

"நாளைக்கே கூட்டிட்டுப் போ. ரிசல்ட் சீட்டு கைக்கு வார வரைக்கும் அங்கனயே நில்லு."

சரி என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.