ஃபைல் அறையில் முறிந்த விரல்கள்

முன்பின் பழகாத ஒருத்தியின் ரகசியத்துக்காக எவ்வளவு வலியைத் தாங்கலாம்? ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஃபைல் அறையில் வேலை பார்த்தவர் ஜூடி. ஒரு காலையில் முத்துவீரன் உள்ளே புகுந்தான்.

"என் தங்கச்சி கல்பனா இங்க கருக்கலைக்க வந்தாளா? ஃபைல எடு."

"யாரு வந்தாக, வரலன்னு சொல்ல ஏலாதுண்ணே."

"கைய ஒடிக்கவா?"

"ஒடிச்சா, ஃபைல எடுக்கக் கை இருக்காதே."

கல்பனாவின் ஃபைல் அங்கேதான் இருந்தது. தெரிந்தால் அவளை உயிரோடு விடமாட்டான். இரும்பு அலமாரியின் கதவை ஜூடியின் விரல்கள்மேல் மூன்று முறை அறைந்தான். எலும்புகள் நொறுங்கின, ரத்தம் தெறித்தது. அவர் சொல்லவில்லை, அது வெறும் பிடிவாதமாகவும் இருக்கலாம். அலறல் கேட்டு ஆட்கள் வரவும் அவன் ஓடினான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையில் கட்டுப்போட்ட பிறகு போலீஸ்காரர் கேட்டார்: "யாரும்மா அடிச்சது? எதுக்கு?"

காரணத்தை எழுதினால் கல்பனாவின் பெயரும் காகிதத்தில் ஏறும். கதவில் தானே கையை நசுக்கிக்கொண்டதாக எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட முடியாததால் ஜூடி மறுகைப் பெருவிரலால் கைநாட்டு வைத்தார். ஏன் என்று எவரிடமும் சொன்னதில்லை.